பாட்டிலில் 25, டம்ளரில் 6: நெக்டார் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் பழக் கணக்கு

மே மாதம் பிறந்துவிட்டால் குன்னூர்ப் பழக்கடைகளில் பிளம்ஸ் கூடை கூடையாக வந்து இறங்கும். கூடைக்குப் பின்னால் உள்ள தட்டில் அதே பழம் பாட்டிலுக்குள் நிற்கும்: ஸ்குவாஷ், கிரஷ், ஜூஸ், நெக்டார், 'ரெடி டு சர்வ்'. பெயர் ஐந்து, விலை ஐந்து, லேபிளில் இருக்கும் பழத்தின் படம் மட்டும் ஒன்று. எதை வாங்குகிறோம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. பல நேரம் விற்கிறவருக்கும் தெரிவதில்லை.

சமீபத்திய செய்திகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டியிருக்கின்றன. அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்து மறுபடி சாறாக்கிய பானங்களில் '100 சதவீதப் பழச்சாறு' என்று போடக்கூடாது என 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், வாயு ஏற்றாத பழக்கூழ், பழச்சாறு பானங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது; வாயு ஏற்றிய பழபானங்களுக்கு 40 ஆனது. அடுத்த மாதமே, பழபானங்களின் பெயரில், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குறிக்கும் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகள் வரக்கூடாது என்று இன்னொரு உத்தரவு. மூன்றும் வேறு வேறு செய்தி போலத் தோன்றலாம். அடியில் இருப்பது என்னவோ ஒன்றுதான்: பாட்டிலுக்கு வெளியே எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் என்ன உறவு?

அந்த உறவைப் புரிந்துகொள்ள நெக்டார் நல்ல நுழைவாயில். ஏனென்றால் அதன் முழுப் பொருளுமே 'பழத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்த்திருக்கிறோம்' என்பதுதான்.

நெக்டார் என்பது எது, எது இல்லை

பள்ளித் தாவரவியலில் நெக்டார் என்றால் பூந்தேன். வண்டு பூவிலிருந்து உறிஞ்சுவது. கிரேக்கக் கதைகளில் அது தேவர்கள் குடிக்கும் பானம், நம் அமிர்தம் மாதிரி. பானக் கடையில் இருக்கும் நெக்டாருக்கு இந்த இரண்டோடும் சம்பந்தமில்லை. அதில் தேன் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நெக்டரின் என்று ஒரு பழம் உண்டே என்றால், அது மேல்தோலில் சுணை இல்லாத பீச். பெயர் ஒற்றுமையைத் தவிர வேறொன்றுமில்லை.

உணவுச் சட்டத்தில் நெக்டார் என்பது பழச்சாற்றையோ பழக்கூழையோ தண்ணீரும் இனிப்பும் சேர்த்து, அப்படியே குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்து, சூடுபடுத்தி அடைத்த பானம். உலக அளவில் இதற்கான பொதுத் தரத்தை, உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் 2005-ல் வகுத்தது. அந்த வரையறையில் ஒரு சொற்றொடர் எனக்கு மிகவும் பிடிக்கும்: 'புளிக்காதது, ஆனால் புளிக்கக்கூடியது'. பாட்டிலைத் திறந்து வெளியே வைத்தால் நுரைத்துப் பொங்கத்தான் செய்யும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதைத் தடுத்து வைப்பது சூடும் இறுக்கமான மூடியும்.

தண்ணீர் சேர்ப்பது ஏமாற்றா?

'தண்ணீர் கலந்தது' என்றாலே நமக்குப் பால்காரர் ஞாபகம் வந்துவிடுகிறது. நெக்டார் விஷயத்தில் அது நியாயமில்லை. ஆரஞ்சைப் பிழிந்தால் அப்படியே குடிக்கலாம். எல்லாப் பழமும் அப்படியா?

தாட்பூட் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் விளையும் ஊதா நிறப் பேஷன் ப்ரூட்டைத்தான் சொல்கிறேன். வெட்டி, விதையோடு இருக்கும் சாற்றை வடிகட்டினால் அதில் ஏறத்தாழ 3 சதவீதம் அமிலம் இருக்கும். ஒரு டம்ளர் குடித்தால் பல் கூசி, வயிறு எரியும். இன்னொரு பக்கம் பீச், பேரிக்காய். இவற்றை அரைத்தால் சாறு வராது, கூழ்தான் வரும். குடிப்பதற்குப் பதில் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டும். முதல் வகைக்குப் புளிப்பைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். இரண்டாவது வகைக்குக் கூழை இளக்க வேண்டும். இரண்டுக்கும் தண்ணீர் சேர்த்ததும் இனிப்பு குறைவதால் சர்க்கரை வேண்டியிருக்கிறது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் விளையும் பழங்களைப் பாருங்கள்: பிளம்ஸ், பீச், பேரி, தாட்பூட், மரத்தக்காளி, விருப்பாச்சி வாழை. ஒன்று புளிப்பு, இல்லையென்றால் கூழ். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்து ஆரஞ்சை விட்டால், பிழிந்ததும் குடிக்கும் பழம் மலையில் குறைவு. ஆகவே மலைப்பழத்துக்கு இயல்பாகப் பொருந்தும் பானம் நெக்டார்தான். ஆனால் மலைக்கடைத் தட்டில் அதிகம் நிற்பது ஸ்குவாஷ். அதன் காரணத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் அளவுகள்.

பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்கள்

இந்தியாவில் பழபானத்தின் பெயரைத் தீர்மானிப்பவை இரண்டு எண்கள். ஒன்று பழத்தின் பங்கு. மற்றொன்று டி.எஸ்.எஸ்., அதாவது கரைந்திருக்கும் திடப்பொருள். பழபானத்தில் இது பெரும்பாலும் சர்க்கரை. பிரிக்ஸ் என்றும் சொல்வார்கள். 15 பிரிக்ஸ் என்றால் 100 கிராம் பானத்தில் சுமார் 15 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளலாம். அது பழத்தில் இருந்த சர்க்கரையா, மூட்டையிலிருந்து கொட்டியதா என்று பிரிக்ஸ் மானி பிரித்துச் சொல்லாது.

1955-ன் பழப்பொருள் ஆணைக் காலத்திலிருந்து புழக்கத்தில் உள்ள குறைந்தபட்ச அளவுகள் இவை:

1. ரெடி டு சர்வ் பானம்: பழம் 10 சதவீதம், டி.எஸ்.எஸ். 10. எலுமிச்சைக்கு மட்டும் பழம் 5 சதவீதம் போதும்.
2. நெக்டார்: பெரும்பாலான பழங்களுக்குப் பழம் 20 சதவீதம், டி.எஸ்.எஸ். 15.
3. ஸ்குவாஷ்: பழம் 25 சதவீதம், டி.எஸ்.எஸ். 40.
4. கிரஷ்: பழம் 25 சதவீதம், டி.எஸ்.எஸ். 55.

'ஜூஸ்' என்பது தனி. அடர்சாற்றைப் பழைய பதத்துக்குக் கொண்டுவரச் சேர்ப்பதைத் தவிர, அதில் தண்ணீர் கலப்புக்கே இடமில்லை. ஒரு கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்த்தால் 'இனிப்பூட்டிய ஜூஸ்' என்று லேபிளில் சொல்ல வேண்டும். கடையில் நாம் 'ஒரு ஜூஸ் கொடுங்க' என்று கேட்டு வாங்கும் அட்டைப்பெட்டிகளில் பல, இந்தக் கணக்குப்படி ஜூஸே அல்ல.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்குவாஷில்தான் பழம் அதிகம், 25 சதவீதம்; நெக்டாரில் 20 மட்டுமே. பலர் ஏமாறும் இடம் இதுதான். ஸ்குவாஷை யாரும் அப்படியே குடிப்பதில்லை. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றுகிறோம். 25-ஐ நான்கால் வகுத்தால் 6 சதவீதமும் சொச்சமும். நெக்டாருக்கு வகுத்தல் கிடையாது. பாட்டிலில் உள்ள 20 டம்ளரிலும் 20 தான்.

200 மில்லி டம்ளரில் வைத்துப் பார்த்தால்:

- நெக்டார்: சுமார் 40 மில்லி பழம்.
- ரெடி டு சர்வ்: சுமார் 20 மில்லி.
- கரைத்த ஸ்குவாஷ்: 12 முதல் 14 மில்லி.

ஆக, லேபிளில் பெரிய எண்ணைப் போட்டிருக்கும் ஸ்குவாஷ், டம்ளருக்கு வந்ததும் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது. இதில் மோசடி எதுவும் இல்லை; ஸ்குவாஷ் என்பதே அப்படித்தான். ஆனால் இரண்டு பாட்டில்களையும் கையில் வைத்துக்கொண்டு சதவீதத்தை ஒப்பிடுபவர் தவறான கணக்கைப் போடுகிறார். டம்ளரில்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரே 20 எல்லாப் பழத்துக்கும் சரிவருமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் நெக்டாருக்கான பழ அளவு பழத்துக்குப் பழம் மாறும். தாட்பூட், எலுமிச்சை போன்ற கடும்புளிப்புப் பழங்களுக்கும், மா, வாழை, கொய்யா, பப்பாளி போன்ற கூழ்ப் பழங்களுக்கும் குறைந்தது 25 சதவீதம். பிளம்ஸுக்கு 30. ஆப்ரிகாட், ஸ்ட்ராபெரிக்கு 40. ஆப்பிள், பேரி, பீச்சுக்கு 50. அங்கே ஜூஸில் சர்க்கரை சேர்க்கவே கூடாது. நெக்டாரில் சேர்க்கலாம், எடையில் 20 சதவீதம் வரை.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் நாக்கு. தாட்பூட் பழம் வாசனையிலும் புளிப்பிலும் உரத்த குரல்காரர். நான்கு பங்கில் ஒரு பங்கு இருந்தாலும் இருப்பது தெரியும். பேரிக்காய் அப்படியில்லை. அதன் மணம் மெல்லியது, புளிப்பு மிகக் குறைவு. 20 சதவீதப் பேரிக்காய் நெக்டார் என்பது கிட்டத்தட்டச் சர்க்கரைத் தண்ணீர். சட்டப்படி அது நெக்டார்தான். ஆனால் கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ பேரிக்காயைப் பானமாக்கி விற்க நினைப்பவர் 20-ல் நின்றுவிட்டால் குடித்தவர் மறுபடி வரமாட்டார். பேரிக்கும் பீச்சுக்கும் பாதிக்குப் பாதி பழம் என்ற ஐரோப்பிய அளவுதான் சரி என்பது என் கருத்து.

இந்தியத் தரத்தில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. 15 டி.எஸ்.எஸ். என்பது உச்சவரம்பு அல்ல, குறைந்தபட்ச வரம்பு. பாதிக்குப் பாதி பிளம்ஸ் கூழும் தண்ணீரும் மட்டும் கலந்து, சர்க்கரையே போடாமல் ஒருவர் பானம் செய்தால் அதன் டி.எஸ்.எஸ். 6 பக்கம்தான் வரும். பழம் இரண்டரை மடங்கு இருந்தும் அது நெக்டார் ஆகாது, இனிப்பு போதவில்லை! குறைந்த சர்க்கரைப் பானங்கள் வேறு பெயர்களைத் தேடி அலைவதில் ஆச்சரியமில்லை.

அடுப்படிக் கணக்கு: ஒரு கிலோ நெக்டார்

எண்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். இலக்கு: 1 கிலோ பானம், 15 பிரிக்ஸ், அமிலம் 0.3 சதவீதம் சுமார். அதாவது 150 கிராம் இனிப்பு, 3 கிராம் அமிலம். பழத்தின் அளவுகள் ரகத்துக்கும் பழுத்த பதத்துக்கும் தகுந்தபடி மாறும். கீழே உள்ளவை நடுத்தர மதிப்புகள்.

1. பிளம்ஸ். கூழ் 12 பிரிக்ஸ், அமிலம் 1.5 சதவீதம். 200 கிராம் கூழில் 24 கிராம் இனிப்பும் 3 கிராம் அமிலமும் வந்துவிடும். சர்க்கரை 126 கிராம், தண்ணீர் 674 கிராம். புளிப்பு கச்சிதமாக இருப்பதால் எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ தேவையில்லை.

2. தாட்பூட். சாறு 15 பிரிக்ஸ், அமிலம் 3 சதவீதம். 200 கிராமில் 30 கிராம் இனிப்பு, 6 கிராம் அமிலம். சர்க்கரை 120, தண்ணீர் 680. புளிப்பு இலக்கைவிட இரண்டு மடங்கு. சுரீர் என்று இருக்கும். பலருக்கு அதுதான் பிடிக்கும். செலவு மட்டும் கவனிக்க வேண்டியது: பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் சாறு, மீதி ஓடும் விதையும். 200 கிராம் சாற்றுக்கு 600 கிராம் பழமாவது வேண்டும்.

3. பேரி. கூழ் 12 பிரிக்ஸ், அமிலம் 0.25 சதவீதம். 500 கிராம் கூழ் எடுத்தால் 60 கிராம் இனிப்பும் ஒன்றேகால் கிராம் அமிலமும்தான் கிடைக்கும். சர்க்கரை 90. அமிலக் குறையை ஈடுகட்ட எலுமிச்சைச் சாறு 30 முதல் 35 கிராம். மீதி தண்ணீர்.

பிளம்ஸைக் கூழாக்கும்போது கொஞ்சம் தண்ணீரோடு தோலோடு வேகவைத்து, பிறகு சல்லடையில் தேய்ப்பது நல்லது. நிறம் பெரும்பாலும் தோலில் இருக்கிறது. சூட்டில்தான் அது இறங்கும். கொட்டையை மட்டும் நசுக்கிவிடக் கூடாது. அதன் பருப்பில் உள்ள அமிக்டலின் உடைந்து சயனைடு உண்டாகும். பீச், பேரி இரண்டும் வெட்டியவுடன் பழுப்பாகும், காரணம் அவற்றில் உள்ள நொதி. வெட்டியதும் எலுமிச்சை கலந்த தண்ணீரில் போட்டு, தாமதிக்காமல் வேகவைத்தால் அந்த நொதி அடங்கும். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியமும் இரும்பும் புளிப்போடு ஒத்துப்போகாது.

கண்ணாடிப் பாட்டிலில் அடைத்த நெக்டாரில் கூழ் கீழே படிந்து மேலே தெளிந்து நின்றால் கலப்படம் என்று சந்தேகிக்க வேண்டாம். கூழ் கனமானது, படியும். குலுக்கினால் சேர்ந்துகொள்ளும்.

சூடும் புளிப்பும், நடுவில் மலை உயரமும்

நெக்டாரைக் காப்பாற்றுவது இரண்டு பேர்: புளிப்பு, சூடு. புளிப்பை பி.எச். என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறைந்தால் புளிப்பு அதிகம். இதில் மனதில் வைக்க வேண்டிய எல்லைக்கோடு 4.6. அதற்குக் கீழே இருந்தால், உயிருக்கே ஆபத்தான நஞ்சைச் சுரக்கும் போட்டுலினம் கிருமியின் வித்துகள் முளைக்க முடியாது. மீதி எதிரிகளான ஈஸ்ட், பூஞ்சணம் ஆகியவை 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில் செத்துவிடும். கோட்டுக்கு மேலே போனால் சாதாரணக் கொதிநிலை போதாது. பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தில் 121 டிகிரி வரை ஏற்ற வேண்டும்.

தாட்பூட் 3-ஐ ஒட்டி இருக்கும். பிளம்ஸும் மரத்தக்காளியும் 4-க்குக் கீழே. பீச் பெரும்பாலும் 4-க்குள். பழுத்த பேரி கோட்டைத் தொட்டுவிடக்கூடும். பழுத்த வாழைப்பழம் கோட்டின் மீதோ அதைத் தாண்டியோ நிற்கும். எனவே விருப்பாச்சி வாழையில் நெக்டார் செய்ய நினைப்பவர் எலுமிச்சையைச் சுவைக்காக மட்டும் சேர்க்கவில்லை, பாதுகாப்புக்காகச் சேர்க்கிறார். அதே விருப்பாச்சி வாழை பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தமாகும்போது எலுமிச்சை இல்லாமலேயே நாள்பட நிற்கிறதே? அங்கே தண்ணீரே ஊற்றுவதில்லை. நாட்டுச்சர்க்கரை, தேன், கற்கண்டு, பேரீச்சம்பழம் என்று இனிப்பின் அடர்த்தியே கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்துவிடுகிறது. நெக்டாரில் தண்ணீர் தாராளம். அந்தப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது.

சரி, மலைக்கு வருவோம். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். சுமார் 1,850 மீட்டர் உயரக் குன்னூரில் 94 டிகிரி பக்கம் கொதிக்கும். 2,133 மீட்டர் கொடைக்கானலில் 93. 2,240 மீட்டர் ஊட்டியில் 92.5. சமவெளியில் அச்சான செய்முறையை அப்படியே மலையில் பின்பற்றினால் மூன்று இடத்தில் இடறும்:

1. பாட்டிலைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்வது. கடல்மட்டத்தில் 10 நிமிடம் போதும். உயரம் ஒவ்வொரு 1,000 அடி கூடும்போதும் 1 நிமிடம் சேர்க்க வேண்டும். ஊட்டியில் 17, 18 நிமிடம் ஆகும்.

2. சூடாக அடைப்பது. பானத்தை 85 டிகிரிக்குக் குறையாமல் வைத்து ஊற்றி, மூடி, இரண்டு மூன்று நிமிடம் பாட்டிலைச் சாய்த்து வைக்கிறோம்; மூடியின் உட்புறமும் சூடாக வேண்டும். சமவெளியில் கொதிக்கும் பானத்தை இறக்கினால் 85-க்கு வர 15 டிகிரி இடைவெளி இருக்கும். ஊட்டியில் 7, 8 டிகிரிதான். குளிர்காற்றில் அது பேச்சுக் கொடுப்பதற்குள் இறங்கிவிடும். எனவே அடுப்பின் மேலேயே வைத்து ஊற்ற வேண்டும், பாட்டிலும் சூடாக இருக்க வேண்டும். டிசம்பர்க் குளிரில் ஜில்லென்று இருக்கும் பாட்டிலில் கொதிக்கும் பானத்தை ஊற்றினால் பாட்டில் விரிசல் விடும்.

3. ஜாம் பதம். பிளம்ஸ் கூழ் மிஞ்சினால் ஜாம் செய்வது வழக்கம். 105 டிகிரியில் இறக்கு என்று புத்தகங்கள் சொல்வது கடல்மட்டக் கணக்கு; உண்மையான விதி, அந்த ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 4 அல்லது 5 டிகிரி. ஊட்டியில் அது 97 பக்கம் வந்துவிடும். 105 வரட்டும் என்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றால் பாகு முற்றி மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விடும்.

தாட்பூட் சாற்றுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் மாவுச்சத்து உண்டு. சூடேறும்போது கஞ்சி மாதிரி தடித்து அடியில் ஒட்டும். விடாமல் கிளற வேண்டும். அதன் மணமும் சூட்டுக்கு நில்லாது. சர்க்கரைத் தண்ணீரை முதலில் கொதிக்கவைத்து, சாற்றைக் கடைசியில் சேர்த்து, வேண்டிய சூடு வந்ததும் நிறுத்திவிடுவது நல்லது.

அப்படியானால் கடையில் ஏன் ஸ்குவாஷ்?

விளைச்சல் ஓரிரு மாதத்தில் வந்து குவியும். பிளம்ஸ் மே, ஜூனில். பேரி ஜூலைக்குப் பிறகு. குவிந்ததைச் சீக்கிரம் பாட்டிலாக்கி வருடம் முழுவதும் விற்க வேண்டும். இந்த அவசரத்துக்கு ஸ்குவாஷ் தோது. 40 பிரிக்ஸ் இனிப்பு, அதோடு அனுமதிக்கப்பட்ட பாதுகாப்புப் பொருள். கந்தக டை ஆக்சைடு என்றால் கிலோவுக்கு 350 மில்லிகிராம் வரை, பென்சோயிக் அமிலம் என்றால் 600 வரை. பெரிய எந்திரம் வேண்டாம், திறந்த பாட்டிலும் சில வாரம் தாங்கும். பிளம்ஸ் போன்ற சிவப்புப் பழங்களில் கந்தகம் நிறத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் அவற்றுக்குப் பென்சோயேட்தான் போடுவார்கள்.

அடுத்தது சுமை. நெக்டார் பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு மலைத் தண்ணீரைத்தான் கீழே இறக்குகிறோம். 700 மில்லி ஸ்குவாஷ் வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த் தன் தண்ணீரை ஊற்றி 2.8 லிட்டர் ஆக்கிக்கொள்கிறார். அதே அளவு பழத்தை நெக்டாராக்கினால் 875 மில்லிதான் வரும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பசுமை வரி. ஆகவே கண்ணாடிதான் வழி. கண்ணாடியில் தண்ணீரை அடைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்குவது கட்டுப்படியாகும் வியாபாரம் அல்ல. அட்டைப்பெட்டியில் அடைக்கும் எந்திரமோ பெரிய கம்பெனிகளுக்கே கட்டும்.

ஆனால் மலையிலேயே குடிக்க விற்பதற்கு இந்தத் தடை எதுவும் இல்லை. சீசனில் கூழைச் சூடாக அடைத்தோ உறைய வைத்தோ வைத்துக்கொண்டு, வேண்டும்போது தண்ணீரும் சர்க்கரையும் கலந்து கண்ணாடி டம்ளரில் கொடுத்தால் பாட்டில் பிரச்சினையே கிடையாது. ஊட்டிக்கு வந்து, சமவெளித் தொழிற்சாலையில் அடைத்த மாம்பழ பானத்தைக் குடித்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாக்காரர்களைப் பார்க்கும்போது, இந்த இடைவெளியை யாராவது நிரப்பக்கூடாதா என்று தோன்றும்.

உடலுக்கு

200 மில்லி நெக்டாரில் சுமார் 30 கிராம் சர்க்கரை. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் பழச்சாற்றுச் சர்க்கரையையும் சேர்த்து ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரை. ஒரு டம்ளர் இரண்டாவது எல்லையைத் தாண்டிவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு 'பழம்தானே' என்று ஊற்றிக் கொடுக்க வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலுக்குப் பதிலாகக் கொடுப்பதும் தவறு: உப்பு போதாது, சர்க்கரை மிக அதிகம்.

சமையலில்

நெக்டாரைச் சமையலில் சேர்க்கும்போது அதை ஒரே பொருளாக நினைக்காமல் மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: தண்ணீர், சர்க்கரை, புளிப்பு.

1. கேக். பாலுக்கோ தண்ணீருக்கோ பதிலாக 200 மில்லி நெக்டார் ஊற்றினால் செய்முறையில் உள்ள சர்க்கரையில் 30 கிராம் குறைத்துவிடுங்கள். சோடா உப்பு அதிகமானால் பிளம்ஸின் சிவப்பு நீலம் கலந்த சாம்பலாக மாறும். ருசி கெடாது, பார்க்கத்தான் சகிக்காது.

2. பால். நெக்டாரின் புளிப்பில் பால் திரியும். பால் புரதம் கட்டியாகும் எல்லையும் பி.எச். 4.6 தான், தற்செயலான ஒற்றுமை. பாயசத்திலோ காய்ச்சிய பாலிலோ நெக்டார் வேண்டாம். ஏற்கெனவே புளித்த தயிரோடு சேர்த்தால் தொல்லை இல்லை. தாட்பூட் நெக்டார் ஊற்றிய லஸ்ஸி அருமையாக வரும்.

3. கடல்பாசி (அகர் அகர்). முதலில் வெறும் தண்ணீரில் கடல்பாசியை முழுவதும் கரைக்க வேண்டும். மலையில் கொதிநிலை குறைவு என்பதால் இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். இறக்கிய பிறகே நெக்டார். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கடல்பாசியின் கட்டும் திறன் குறையும். சில்லென்ற நெக்டாரைக் கொட்டினாலும் அங்கங்கே திப்பி திப்பியாக உறையும், வெதுவெதுப்பாக்கி ஊற்றுங்கள்.

4. ஐஸ். 15 பிரிக்ஸ் நெக்டாரை அப்படியே உறையவைத்தால் கல்லாகும். கரண்டியில் அள்ளும் பதம் வேண்டுமானால் 25 முதல் 30 பிரிக்ஸ் தேவை. லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரை சேர்த்தால் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடும்.

5. ரசம். அன்னாசி ரசம் போலப் பிளம்ஸ் ரசமும் வைக்கலாம், புளியே வேண்டாம். ஆனால் அதற்கு நெக்டார் கூடாது, சர்க்கரை சேராத கூழ்தான் சரி.

6. குறுக்கிய பாகு. ஒரு கிலோ நெக்டாரைக் கால் கிலோவாகும் வரை காய்ச்சினால் 60 பிரிக்ஸ் பாகு கிடைக்கும். வறுத்த கோழியின் மேல் பூசவோ, பன்னுக்கு மெருகு கொடுக்கவோ, தோசைக்குத் தொட்டுக்கொள்ளவோ ஆகும். புளிப்பும் நான்கு மடங்காகும் என்பதால் தாட்பூட்டைவிட பீச்சும் பேரியும் இதற்கு உகந்தவை. நெக்டார் இல்லையே என்று கந்தகம் போட்ட ஸ்குவாஷைக் காய்ச்சிப் பார்க்காதீர்கள். ஆவியோடு கிளம்பும் கந்தக நெடி தீக்குச்சியை மூக்கருகே கிழித்தது மாதிரி இருக்கும். லேபிளில் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்றோ 224 என்ற எண்ணோ இருந்தால் அந்தப் பாட்டில் தண்ணீர் கலந்து குடிக்க மட்டும்.